குளியலறை ஜெர்மன்

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

நான் நலம், முழங்கால் தவிர. நீ நலமா? உன் இருமல் விட்டதா? பல் கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டு தொண்டையைக் கவனிக்காமல் விட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். தனியாக இருக்கிறவள், ராத்திரி கதவைத் தாழ் போட்ட பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. கூடத்தில் உன் அத்தான் இருக்கிறார். விஷயமே உன் அத்தானைப் பற்றித்தான்.

அவர் பேச்சு எப்படி என்று உனக்குத் தெரியும். லிப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றோடும் கிரீஸோடும் இருந்துவிட்டு வருவார். வந்தால் "இந்தா", "போதும்", "விளக்கை அணை". இவற்றை வைத்தே இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டார். பையனும் வேலை கிடைத்த ஊரிலேயே தங்கிவிட்ட பிறகு, இந்த வீட்டில் பேச நான், கேட்கச் சுவர்.

அப்படிப்பட்டவர் இப்போது வேலை விட்டு வந்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார். குளிப்பதில்லை, தண்ணீர்ச் சத்தமே கிடையாது. கையில் செய்தித்தாளால் அட்டை போட்ட ஒரு புத்தகம். என்ன என்று கேட்டால் "வேலை விஷயம்" என்கிறார். லிப்டுக்கு எதற்கு அவ்வளவு பேச்சு?

பாஷை நம்முடையது இல்லை. இங்கிலீஷும் இல்லை. நான் கூடத்தில் தையல் மெஷினை ஓட்டுகிற வரைக்கும் பேசுவார். மெஷின் நின்றால் அவரும் நின்றுவிடுவார். அதனால் துணியே வைக்காமல் வெறும் மெஷினை மிதித்துக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் வலி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அந்தச் சத்தத்தில் சின்னச் சின்னச் சொல் எல்லாம் அடிபட்டுப் போகிறது. ஆனால் ஒரு பேர் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. மைனா. "மைனா பிராவ்" என்கிறார். பிராவ் அவளுடைய சொந்தப் பேராக இருக்கும். மைனா செல்லப் பேர். என்னை "இந்தா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடாதவருக்கு மைனா கேட்கிறது.

காதில் விழுந்ததைத் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். "இஷ் ஹாபே ஐனே பிராவ். இஷ் ஹாபே கைனே பிராவ்." இன்னும் இரண்டு வரி இருக்கிறது. அதில் ஒன்றைக் கேள்வி மாதிரி இழுத்தார். உன் கிளினிக்குக்கு எத்தனையோ பேர் வாயைத் திறக்க வருகிறார்கள். அதில் ஒரு வாய்க்காவது இந்தப் பாஷை தெரியாதா?

பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா

பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. கதவையும் இழுத்துப் பார்க்கிறேன். உன் முழங்காலுக்குத் தைலம் போடு, வெறும் மெஷினை மிதிக்காதே.

உன் சீட்டுக்கு ஆள் கிடைத்தார். இங்கே வேர் சிகிச்சைக்கு ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். கப்பலில் இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர். டாக்டரம்மா முதல் கூட்டுகிற அம்மா வரை கப்பல்காரர் என்றுதான் சொல்கிறோம். பல வருஷம் ஜெர்மன் பேசுகிறவர்களோடு ஒரே கப்பலில் இருந்தாராம். ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் சீட்டை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "இது ஜெர்மனாச்சே" என்றார். முதல் வரியைப் படித்துவிட்டு, "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, அப்படின்னு அர்த்தம்" என்றார். இரண்டாவது வரிக்குப் போவதற்குள் உதடு மரத்துவிட்டது. என்னவோ முக்கியமாகச் சொல்ல வந்தார். கையை ஆட்டினார், விரலை ஆட்டினார். "வவ்வா, வவ்வா" என்றுதான் வந்தது. அதற்குள் டாக்டரம்மா வந்து பெரிதாகத் திறக்கச் சொல்லிவிட்டார்.

மீதியை அடுத்த தடவை கேட்டு எழுதுகிறேன். அதுவரை காத்திருக்கலாமா என்று யோசித்தேன். உன் அவசரம் எனக்குத் தெரியாததா, அதனால் பாதியை அனுப்பிவிட்டேன். நீயாக எதையும் கற்பனை பண்ணிக்கொள்ளாதே.

அன்புடன்
உன் தங்கை

பிப்ரவரி 19

தங்கைக்கு,

நான் நலமில்லை. நீ நலமாக இரு.

கற்பனை பண்ணாதே என்று எழுதியிருக்கிறாய். கற்பனைக்கு நீ என்ன மிச்சம் வைத்தாய்? பொண்ணு என்றால் மகளா, மற்றதா? மகள் என்றால் அவளைப் பெற்றவள் யார்? மற்றது என்றால் அவளேதான் மைனா. எப்படிப் பார்த்தாலும் எனக்கு அடிதான்.

அவர் சட்டைப் பை எல்லாவற்றையும் துழாவினேன். ஒரு ஸ்பிரிங், இரண்டு போல்ட், பாதி கடித்து மடித்து வைத்த மிட்டாய். நேற்று, வேண்டுமென்றே அவர் சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, மறந்துபோன மாதிரி அவர் வேலை செய்கிற இடத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருக்கிற ஒரே பெண் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்கு அடுத்த வருஷம் ஓய்வு. அவர் எங்கே என்று கேட்டேன். "யாரு, அந்தப் பேசாத ஆளா?" என்றாள்.

அங்கேயும் பேசவில்லை. இங்கேயும் பேசவில்லை. அப்படியென்றால் அந்தக் குளியலறையில் சேருகிற பேச்சு முழுக்க யாருக்கு என்று சொல்.

சீக்கிரம் அந்த மனுஷன் வாயைத் திறக்க வை.

அக்கா

மார்ச் 1

அன்புள்ள அக்கா,

முதலில் உட்கார். தண்ணீர் குடி. பிறகு படி.

தப்பு என்னுடையதும் ஊசியுடையதும். கப்பல்காரர் இந்தத் தடவை டாக்டரம்மா கூப்பிடுவதற்கு வெகுநேரம் முன்னாலேயே வந்துவிட்டார். நீ எழுதியதைச் சொன்னதும் அப்படிச் சிரித்தார், பல்லில் தற்காலிகமாக வைத்த சிமென்ட் கழன்று கையில் வந்துவிட்டது.

பிராவ் என்பது பேர் இல்லை. பெண் என்றும் சொல்லலாம், மனைவி என்றும் சொல்லலாம். அந்தப் பாஷையில் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். மைனாவும் பறவை இல்லை. மைனே. "என்" என்று அர்த்தம். மைனே பிராவ் என்றால் என் மனைவி. அது நீதான் அக்கா.

உன் சீட்டில் இருந்ததை அவர் முழுதாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். "எனக்கு மனைவி இருக்கிறாள். எனக்கு மனைவி இல்லை. எனக்கு மனைவி இருக்கிறாளா? எனக்கு மனைவி இருந்தாள்." பயந்துவிடாதே. இது இலக்கணப் பயிற்சியாம். ஒரு வாக்கியத்தை எடுத்து, உண்டு என்று ஒரு தடவை, இல்லை என்று ஒரு தடவை, கேள்வியாக ஒரு தடவை, போன காலத்தில் ஒரு தடவை என்று திருப்பித் திருப்பிப் போடுவது. பேச்சுத் துணை இல்லாமல் தனியாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்வார்களாம். கப்பலில் இவரும் இன்ஜினைப் பார்த்து, "நீ சூடாக இருக்கிறாய், நீ சூடாக இல்லை, நீ சூடாக இருக்கிறாயா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கேப்டன் ஒரு நாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, தெர்மாமீட்டரைப் பாருங்கள் என்றாராம்.

அத்தான் எதற்கு ஜெர்மன் படிக்கிறார் என்பதை நீதான் அவரைக் கேட்க வேண்டும். நேராகவே கேளேன்.

கப்பல்காரருக்கு இன்னும் ஒரு தடவை வந்தால் போதும், சிகிச்சை முடிந்துவிடும். அதனால் கேட்க வேண்டியது இருந்தால் சீக்கிரம் எழுது.

அன்புடன்
உன் தங்கை

மார்ச் 22

அன்புத் தங்கைக்கு,

நலம். முழங்கால் உட்பட. நீயும் நலம்தானே?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் யோசித்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து, மனைவி இருக்கிறாளா என்று இந்த மனுஷன் வாயால் கேட்டு இப்போதுதான் என் காதில் விழுகிறது. இலக்கணமாக இருந்தால் என்ன, கேட்டாரே.

இப்போதெல்லாம் மெஷினை மிதிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. சோப்பை ஸ்டூல் மேல் வைக்கிறார், ஏதோ சொல்கிறார். ஸ்டூலுக்குக் கீழே வைக்கிறார், வேறு ஏதோ சொல்கிறார். கதவிடுக்கில் தெரிந்தது. வெந்நீர்க் கொதிகலனிடம் கேள்வி கேட்டுவிட்டு, அது பதில் சொல்ல நேரம் கொடுக்கிறார். அந்த மரியாதையை எனக்குக் கொடுத்ததில்லை. நேராகக் கேள் என்று எழுதியிருக்கிறாய். கேட்டால் "வேலை விஷயம்" என்பார். அதோடு, கேட்டுவிட்டால் படிப்பதையே நிறுத்திவிடுவாரோ என்று இருக்கிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. போன வாரம் பரணிலிருந்து பழைய சூட்கேஸை இறக்கித் துடைத்தார். அந்தச் சின்ன சூட்கேஸ். ஒருவர் துணிதான் கொள்ளும். அன்றிலிருந்து புது வாக்கியம் ஒன்று ஓடுகிறது. "இஷ் பாரே", பிறகு மெஷின் சத்தத்தில் ஒரு சின்னச் சொல் போய்விடுகிறது, பிறகு "மைனே பிராவ்". அந்தச் சின்னச் சொல்லைப் பிடிக்க முடியவில்லை. மைனேயை நன்றாகக் கேட்டேன். இதற்கு என்ன அர்த்தம் என்று உன் கப்பல்காரரைக் கேட்டு எழுது. அவருக்கு அந்த ஒரு தடவை முடிந்துவிட்டதா, இல்லை இன்னும் பல் பாக்கி இருக்கிறதா?

உன் அக்கா

ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

நலம். வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் விட்டால் நீ இதைவிட மோசமாக நினைத்துக்கொள்வாய்.

"இஷ் பாரே" என்றால் நான் பயணம் போகிறேன். நீ தவறவிட்ட அந்தச் சின்னச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறதாம். "மிட்" என்றால் உடன். "ஓனே" என்றால் இல்லாமல். மனைவியுடன் போகிறேனா, மனைவி இல்லாமல் போகிறேனா என்பது அதில்தான் தெரியும். அந்தச் சொல் காதில் விழாவிட்டாலும் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்றார் கப்பல்காரர். "மிட்" வந்தால் பின்னால் வருகிற மைனேக்கு ஒரு "ர்" ஒட்டிக்கொள்ளும். மைனர் பிராவ் என்று ஆகும். சென்ட் பூசிக்கொண்டு திரிகிற மைனர் இல்லை, இது வேற்றுமை உருபு. "ஓனே" வந்தால் மைனே மாறாமல் மைனேயாகவே இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் "ர்"ரைப் பாதி விழுங்கிவிடுவார்களாம். புத்தகத்தைப் பார்த்துத் தனியாகப் படிக்கிறவர் அதை அழுத்தித்தான் சொல்வார் என்றார்.

நீ மைனே என்று நன்றாகக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். மறுபடி ஒரு தடவை கேட்டுப் பார் அக்கா. மெஷினை மெதுவாக மிதி. ஒரு சொல்லின் வாலை வைத்து எதையும் முடிவு பண்ணாதே.

சிகிச்சை முடிந்துவிட்டது. கப்பல்காரருக்குக் கிளினிக் பக்கத்தில் ஏதோ அலுவல் இருந்ததால் வந்தார், அப்போது கேட்டேன்.

அன்புடன்
உன் தங்கை

மே 9

அன்புள்ள அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ எழுதாமல் இருக்கிறவள் இல்லை. பொறுக்க முடியாமல் நேற்று போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். "அக்கா?" என்றேன். "இருக்கா" என்றார். "பேசலாமா?" என்றேன். "பேசலை" என்று சொல்லி வைத்துவிட்டார். யார் பேசவில்லை, யாரோடு பேசவில்லை, ஒன்றும் புரியவில்லை.

கப்பல்காரரும் தினமும் உன்னைப் பற்றிக் கேட்கிறார். தன் இலக்கணத்தால் ஒரு குடும்பம் கெட்டுவிட்டதோ என்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை.

ஒரு வரி எழுது.

உன் தங்கை

மே 17

அன்புத் தங்கைக்கு,

நலம், நலம், நலம். அவரும் நலம். உன்னைத் தவிக்க விட்டுவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்த அன்று மெஷினை மெதுவாக மிதித்துக் கேட்டேன். மைனே. மறுநாள் கேட்டேன். மைனேதான். "ர்" என்கிற பேச்சே இல்லை. சரி, சின்ன சூட்கேஸ், ஒருவர் துணி, மனைவி இல்லாமல் பயணம். எல்லாம் பொருந்திப் போயிற்று. நான் சண்டை போடவில்லை. அவர் ஆயுதத்தையே எடுத்துக்கொண்டேன். பேசுவதை நிறுத்திவிட்டேன்.

நான் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. குழாய் சொட்டுவதெல்லாம் கேட்கிறது. நாலு நாள் கழித்து எனக்குத் தொண்டைக்கு மருந்து வாங்கி வந்தார். அது வேலை செய்யவில்லை என்று வேறு மருந்து. பிறகு கழுத்தில் சுற்ற ஒரு கம்பளித் துண்டு. நான் எல்லாவற்றையும் வரிசையாக அலமாரியில் வைத்தேன். ஒரு நாள் மட்டும், "வீடு என்னமோ மாதிரி இருக்கு" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு மேடைப் பேச்சு.

போன வெள்ளிக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனவர் மத்தியானமே திரும்பி வந்தார். குளியலறைக்குள் போகவில்லை. மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பரீட்சை போச்சு" என்றார்.

நான் ஊசியில் நூலைக் கோத்தேன்.

"ஜெர்மன் பரீட்சை. கம்பெனி அந்த ஊர்த் தொழிற்சாலைக்கு ரெண்டு வருஷம் அனுப்புறதா சொன்னாங்க. பேச்சுப் பரீட்சை பாஸாகணும். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. நல்ல அம்மா. உங்களுக்கு மனைவி இருக்காங்களான்னு கேட்டாங்க. இருக்காங்கன்னேன். அதோட நிறுத்தியிருக்கணும். வாய் நிக்கலை. இல்லைன்னேன். இருக்காங்களான்னு கேட்டேன். இருந்தாங்கன்னு முடிச்சேன். அந்தம்மா பேனாவைக் கீழே வச்சுட்டு, எப்போன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி புத்தகத்துல இல்லை. நான் முழிச்சேன். அவங்க எழுந்து வந்து என் தோளைத் தட்டி, தண்ணி குடுத்து அனுப்பிட்டாங்க."

நான் எவ்வளவு நேரம்தான் அடக்குவேன். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எங்கே மௌனம். இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"என்னை விட்டுட்டுப் போறதுக்குத்தானே இந்தப் படிப்பு?" என்றேன்.

"யாரு சொன்னா?"

"நீங்களேதான் சொன்னீங்க. தினமும் சொன்னீங்க. மிட்டுன்னா ர் வரணும். நீங்க ஒரு நாள்கூட ர் சொல்லலை."

அவர் என்னையே பார்த்தார். நான் ஜெர்மன் பேசியதில் பாதித் திகைப்பு. பிறகு, "எந்த ர்?" என்றார்.

மைனர் என்றேன். வேற்றுமை உருபு என்றேன். நீ எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். அவர் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, அட்டையைக் கழற்றி, பின்னாலிருந்து புரட்டினார். "அது கடைசியில வர்ற பாடம். நான் இன்னும் அங்கே போகலை" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அப்போ நான் இத்தனை நாளா தப்பாத்தான் சொல்லிட்டிருந்தேனா? மிட் மைனேன்னு?"

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கம்பெனியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். சின்ன சூட்கேஸ் அவருடைய ஸ்பானருக்கு. துணிக்குப் பெரிதாக ஒன்று வாங்கலாம் என்று இருந்தாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ ஊர் முழுக்கச் சொல்லியிருப்பே. அப்புறம் நான் பெயிலாகியிருப்பேன்" என்றார். சொல்லியிருப்பேன்தான், அதில் தப்பு சொல்ல முடியாது.

"அது சரி, அதை ஏன் குளியலறையில உட்கார்ந்து படிச்சீங்க?" என்றேன்.

புத்தகத்துக்கு மறுபடி அட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார். "அங்கே எதிரொலி வரும். யாரோ பதில் சொல்ற மாதிரி இருக்கும்."

நான் மெஷினை மூடி வைத்துவிட்டேன்.

ஜூலையில் இன்னொரு தடவை பரீட்சை எழுத விடுகிறார்களாம். உன் கப்பல்காரரை வயிறாரச் சாப்பிடச் சொல். அவர் எங்கே உட்கார்ந்து எத்தனை வாய் சாப்பிடுகிறார் என்பது உனக்கு எப்படித் தெரிந்தது என்று நான் இப்போது கேட்கவில்லை. நிறைய வேலை இருக்கிறது.

உன் அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கிளினிக்கில் படித்து நான் சிரித்த சிரிப்பில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் பல் வலி குறைந்துவிட்டது.

இதோடு பன்னிரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். கப்பல்காரர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். எல்லாம் கேள்விகள். ஜெர்மனைத் தமிழ் எழுத்திலும் போட்டிருக்கிறார், பக்கத்தில் அர்த்தமும் இருக்கிறது. நீ கேட்க வேண்டியது, அத்தான் பதில் சொல்ல வேண்டியது. அவர் சொல்லச் சொன்னது இதுதான். வரிசையாகக் கேட்காதே. சாப்பிடும்போது கேள், செருப்பு மாட்டும்போது கேள், தூக்கம் வருகிற நேரத்தில் கேள். அத்தானுக்கு இலக்கணம் போதும். அடுத்த கேள்வி என்ன என்று தெரியாமல் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பதுதான் பழக்கமில்லை. எதிர்பாராததைக் கேட்கிறதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நான் சொல்லியிருக்கிறேன்.

தப்பு வந்தாலும் நிறுத்தாமல் பேசச் சொல் என்றார். கப்பலில் யாரும் தப்புக்காகக் கடலில் தள்ளவில்லையாம்.

அன்புடன்
உன் தங்கை

ஆகஸ்ட் 20

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலம் என்று உன் கையெழுத்தே சொல்கிறது, எழுத்தெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்கிறது.

பாஸ். முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேள். சவரம் செய்துகொண்டிருந்தவரிடம், "உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் அழுகிறார்?" என்று ஜெர்மனில் கேட்டேன். முகவாயை வெட்டிக்கொண்டார். ஆனால் பதில் சொன்னார். "அவருக்கு வேலை போய்விட்டது." மறுநாள் அதே கேள்விக்கு, "அவருடைய மனைவி நிறையக் கேள்வி கேட்கிறாள்" என்று சொன்னார். சொல்லிவிட்டு, நகைச்சுவை செய்துவிட்டோமோ என்று அவரே பயந்துவிட்டார்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். அந்தப் பாஷையில் "ஏனென்றால்" என்று ஆரம்பித்தால் வினைச்சொல் கடைசிக்கு ஓடிப்போய்விடும், நம் தமிழ் மாதிரியே. அவர் அதற்கு ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார். எனக்கு அது தானாக வந்தது. அதை வைத்து முதல் ஜெர்மன் சண்டையில் நான்தான் ஜெயித்தேன். அவர் வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று தேடுவதற்குள் நான் மூன்று காரணம் சொல்லி முடித்துவிட்டேன்.

பரீட்சை அன்று நானும் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதே அம்மாதான். உள்ளே அவரிடம் மனைவியைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லையாம், பாவம், ஜாக்கிரதையாக வேறு விஷயத்துக்குப் போயிருக்கிறார். முடிந்ததும் இவரே கதவைத் திறந்து என்னைக் காட்டி, இவள்தான் என்றார். அந்தம்மா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு சந்தோஷமாக என்னை யாரும் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் கிளம்புகிறோம். அங்கிருந்து விலாசம் எழுதுகிறேன்.

இப்போது என் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிளினிக் திறந்திருக்குமா? போன தடவை கேட்காமல் விட்டேன், அதற்கு முன்னால் கப்பல்காரர் பல்லை வைத்துக் கேட்டேன். நீ ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிக் குதித்துப் பதில் எழுதுகிறாய். என்னிடம் சொல்வதற்கு என்ன?

பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்
உன் அக்கா

நவம்பர் 2

அன்புள்ள மைத்துனிக்கு,

உன் அக்கா நலம். நான் நலம். நீ நலம் என்று நம்புகிறேன்.

நான் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. உன் அக்கா எழுத வேண்டியது. அவள் கீழ் வீட்டு அம்மாவோடு பேசப் போனாள். போய் வெகு நேரம் ஆகிறது. நீ இரண்டு கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று கோபமாக இருக்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன்.

வேலை பரவாயில்லை. லிப்ட் எந்த ஊரிலும் ஒன்றுதான். மேலே போகும், கீழே வரும், நடுவில் நிற்கும்.

வந்த புதிதில் நான் வாயைத் திறக்கவில்லை. ரொட்டிக் கடையில், ரொட்டி ஆண்பாலா, பெண்பாலா, இரண்டும் இல்லையா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. உன் அக்கா முன்னால் வந்து விரலைக் காட்டி ஏதோ சொன்னாள். அதில் ஒரு சொல்கூடச் சரியில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவளுக்கு இன்னும் ஒரு வேற்றுமையும் வராது. எனக்கு எல்லாம் வரும். தெருவில் எல்லாரும் அவளைத்தான் நிறுத்திப் பேசுகிறார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். தப்பு வந்தால் மெல்லச் சொல்வேன். அவள் காதில் வாங்குவதில்லை.

போன வாரம் ஒரு கட்டடத்தில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வயதான அம்மா தனியாக மாட்டிக்கொண்டார். பயந்து அழுதார். கூட வந்தவன் மேலே மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டான். கதவுக்கு இந்தப் பக்கம் நான் மட்டும். யாராவது பேசிக்கொண்டே இருந்தால்தான் அவருக்கு மூச்சு சீராக இருந்தது. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அக்காவைப் பற்றிப் பேசினேன். அவள் தைப்பது, சண்டை போடுவது, ஊமை விரதம் இருந்தது, எல்லாம் சொன்னேன். அந்த அம்மா உள்ளேயிருந்து சிரித்தார். பிறகு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார். கதவு திறக்கும் வரை பேசினேன். திறந்த பிறகும் எனக்கு விஷயம் பாக்கி இருந்தது.

இதை உன் அக்காவிடம் சொல்லவில்லை. நீயும் எழுதிவிடாதே.

உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் உனக்குப் பதில் எழுதச் சிரமம். தனிப் பார்சலில் இரண்டு தேநீர்க் கோப்பை வரும். இந்த ஊரில் நன்றாகச் செய்கிறார்கள். ஒன்று போதும் என்றால் எனக்கு ஒரு வரி எழுது. பதில் வராவிட்டால் இரண்டும் தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்
உன் அத்தான்